இரண்டு வீட்டுச் சாப்பாடு

பெனிட்டா வெந்நீர்ச் சருவத்தை வாசல்படியில் இறக்கி வைத்தபோது, அப்பாவின் சட்டைப் பொத்தான்களை அண்ணன்மார் இருவரும் ஆளுக்கொரு பக்கமிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியவன் ஆனந்தகுமார் கழுத்திலிருந்து கீழே வந்தான். சின்னவன் ஜோஷ்வா அடியிலிருந்து மேலே போனான். வயிற்றுக்கு நேரே இருந்த பொத்தானில் இருவர் விரலும் முட்டிக்கொண்டன. சூடு பட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பொத்தானை யாரும் தொடவில்லை. கடைசியில் அவள்தான் உள்ளே போய்க் கழற்றினாள்.

சட்டை விலகியதும் வயிறு தெரிந்தது. அப்பா ராஜதுரை ஒல்லியான மனிதர். ஆயுசு முழுக்கப் பாத்திரக்கடையில் நின்றுகொண்டே வியாபாரம் பார்த்த உடம்பு. அந்த உடம்பில் வயிறு மட்டும் மேடு தட்டி நின்றது. மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். வயிறு இன்னும் கிறிஸ்மஸ் கொண்டாடிக்கொண்டிருந்தது. வெளியே இன்னும் முழுக்க இருட்டவில்லை. இரண்டு தெரு தள்ளி யாரோ ஒரு பிள்ளை மிச்சமிருந்த வெடியைப் போட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன்மார் இருவரும் அந்த வயிற்றைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாமென்று ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

"ஏட்டி, நீ வெளிய போ. நாங்க குளிப்பாட்டுதோம்" என்றான் ஆனந்தகுமார்.

"நான் நர்ஸு. தெனமும் இந்த வேலதான் பாக்கேன்."

"அது ஊராருக்கு. இது அப்பால்லா?"

அவள் போகவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே என்று நின்றுகொண்டாள். பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டத் தொடங்கியதும் ஒரு விஷயம் அவளை அசத்தியது. இந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. ஆனாலும் ஒருவன் தோளைத் தூக்கினால் மற்றவன் கேட்காமலே முதுகுக்கு அடியில் கை கொடுத்தான். ஒருவன் சோப்பை நீட்டும் முன்பே மற்றவன் கை அங்கே இருந்தது. தலை, கழுத்து, கை, கால் எல்லாம் ஆயிற்று. வயிற்றுக்கு வந்ததும் இருவர் கையும் நின்றது. மேலாகத் தண்ணீரை மட்டும் ஊற்றினார்கள். அவள் துணியை வாங்கி அந்த இடத்தைத் துடைத்தாள். தொட்டால் இன்னும் சூடாக இருக்குமோ என்று அவளுக்கு ஒரு கணம் பயமாக இருந்தது. இல்லை, குளிர்ந்துதான் இருந்தது.

எல்லாம் அந்த டாக்டர் கேட்ட ஒரு கேள்வியால் வந்தது. பாவம், அவர் சின்னப் பையன். கிறிஸ்மஸ் அன்று ட்யூட்டி போட்டிருக்கிறார்கள் என்ற சலிப்போடு உட்கார்ந்திருந்தவர். ஆட்டோவிலிருந்து இறக்கிய உடம்பை ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். "ஹார்ட் அட்டாக்தான்" என்றார். பிறகு எழுதுவதற்காக, வழக்கமாகக் கேட்பதுபோல, "மதியம் என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுல ஒண்ணும் பெருசா சாப்பிடல சார்" என்றான் ஆனந்தகுமார். "ரெண்டு வாய்தான்."

"எங்க வீட்டுலயும் சும்மா கை நனைச்சாவ, அவ்வளவுதான்" என்றான் ஜோஷ்வா.

டாக்டர் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெனிட்டாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா செத்துவிட்டார் என்பதுகூட அந்த நிமிஷம் இரண்டாம்பட்சமாகிவிட்டது. தன் அண்ணன்மார் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கிறிஸ்மஸ் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எங்க வீட்டுலதான் அப்பா நெறைய சாப்பிட்டாவ.

அவர்களுக்குள் போட்டி இன்று நேற்று வந்ததல்ல. ஞாயிற்றுப் பள்ளி கிறிஸ்மஸ் நாடகத்தில் யார் யோசேப்பு என்று சின்ன வயதில் ஆரம்பித்தது. ஒரு வருஷம் இருவரும் தாடி ஒட்டிக்கொண்டு மேடைக்கு வந்துவிட, மரியாள் யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல் அழுதுவிட்டாள். அம்மா இருந்தவரை அது சிரிப்பாக இருந்தது. அம்மா போனபிறகு வீடு பிரிந்தது. நடுவில் சுவர் எழும்பியது. தெருவைப் பார்த்த முன்னறை மட்டும் பொதுவில் நின்றது. அதில் அப்பாவின் கட்டில். இடது கை வாசல் ஆனந்தகுமார் வீட்டுக்கு, வலது கை வாசல் ஜோஷ்வா வீட்டுக்கு. பெரியவன் அப்பாவின் பாத்திரக்கடையை எடுத்துக்கொண்டான். சின்னவன் அதே கடைக்கு எதிரே பிளாஸ்டிக் சாமான் கடை போட்டான். ஒருவன் எவர்சில்வர் குடத்துக்கு விலை குறைத்தால், எதிரே பிளாஸ்டிக் குடத்தோடு ஒரு மக்கும் இலவசம் என்று போர்டு ஏறும்.

கிறிஸ்மஸ் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பெரியவன் வாசலில் ஒரு ஸ்டார் கட்டுவான். சின்னவன் அதைவிட ஒரு சாண் பெரிதாகக் கட்டுவான். போன வருஷம் ஜோஷ்வாவின் ஸ்டார் கேபிள் ஒயரில் மாட்டித் தெரு முழுக்க டி.வி. போய்விட்டது. அடுத்தது கேக், அதற்கடுத்தது அப்பாவுக்குப் புதுச்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே மதியச் சாப்பாடு. அப்பா யார் வீட்டில் சாப்பிடுவது? பெரியவன் சிவகிரிச் சந்தைக்குத் தானே போய் ஆட்டைப் பார்த்துப் பிடித்து வருவான். சின்னவன் பனவடலிசத்திரத்தில் ஒருவரிடம் சொல்லிவைத்து இளங்குட்டியாகவே வளர்த்து வாங்குவான். இரண்டு அடுப்பிலும் பிரியாணி கமகமவென்று வேகும். மதினிமார் இருவரும் சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று வாசனையை வைத்தே அடுத்த வீட்டில் என்ன பதம் என்று கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

அப்பா இதற்கு ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. வீடு பிரிந்த வருஷத்திலிருந்து இரண்டு வீட்டிலும் சாப்பிட்டார்.

பெனிட்டாவின் கணவர் குவைத்தில் இருந்தார். அதனால் கிறிஸ்மஸுக்கு அவள் திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் வந்துவிடுவாள். இரண்டு வீட்டிலும் அவளுக்கு வேலை பரிமாறுவதுதான். அப்பாவின் இலையில் மட்டும் அண்ணன்மாரும் தங்கள் கையால் கறி அள்ளி வைப்பார்கள். அவள் எங்கே சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்று யாரும் கேட்டதில்லை. போட்டியில் அவள் இல்லை. ஆனால் நடப்பதை முழுசாகப் பார்க்கிற இடத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

அப்பா அதிகாலை ஆராதனைக்குப் போய்வந்து ஒரு கடுங்காப்பி மட்டும் குடிப்பார். மதியம் முதல் வீட்டு இலையில் உட்கார்ந்தால், அந்த ஒரு சாப்பாட்டுக்காகத்தான் உலகத்தில் பிறந்ததுபோல நிதானமாகச் சாப்பிடுவார். கறியைத் திருப்பிப் பார்ப்பார். "யாரு பக்குவம் இது?" என்பார். இன்னொரு கரண்டி வைக்கச் சொல்வார். இலையில் ஒரு பருக்கை மிஞ்சாது. கை கழுவி முன்னறைக்கு வந்து கொஞ்ச நேரம் கட்டிலில் உட்காருவார். சட்டையை மாற்றுவார். முதல் வீட்டுச் சட்டை போய் இரண்டாம் வீட்டுச் சட்டை ஏறும். அதன்பிறகு அடுத்த வாசலில் நின்று, "ஏ மக்கா, பசிக்கி. என்ன செஞ்சிருக்கிய?" என்று கேட்பார்.

அந்தக் குரல்தான் பெனிட்டாவால் மறக்க முடியாதது. அதில் நடிப்பில்லை. உண்மையாகவே பசித்தவர் குரல். இந்த மதியமும் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். சின்ன வயதில் ஆடித்தேர் தெருமுனை திரும்புவதைக் கடைவாசலில் நின்று பார்த்தது உண்டு. இவ்வளவு பெரியது எப்படித் திரும்பும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அது திரும்பிவிடும். இன்றும் அப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் இன்றைக்கு அவளுக்கு வேறொன்றும் தெரியும். அக்டோபரில் நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று அப்பா சொல்ல, அவள்தான் திருநெல்வேலிக்கு அழைத்துப்போய் எக்கோ ஸ்கேன் எடுத்தாள். இதயத்தில் பாதி பலம்கூட இல்லை என்றார் டாக்டர். உப்பு, நெய், கொழுப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணன்மாருட்ட சொல்லாத. கிறிஸ்மஸ் கழியட்டும்" என்றார்.

அவள் சொல்லவில்லை. இரண்டு வீட்டிலும் பரிமாறினாள்.

சாயங்காலம் கடுங்காப்பி எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. "கதவத் திற, காத்து வரட்டும்" என்றார். எந்தக் கதவு என்று சொல்லவில்லை. அவள் தெருக்கதவோடு சேர்த்து மூன்றையும் திறந்தாள். காற்று வந்தது. அவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். முகத்தில் வலி இருந்தது. அதன்மேல் என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு நிறைவும் இருந்தது. ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார்.

ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தபோது சபைக் கோயிலில் துக்கமணி அடித்தது. அதிகாலையில் தூக்கத்திலிருந்து எழுப்பி எல்லாரையும் புதுத்துணி உடுத்த வைத்த அதே மணி. இப்போது ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நிறைய இடம் விட்டு அடித்தது. அந்த இடைவெளிகளில் தெருவே நின்று கேட்பதுபோல இருந்தது. ஒரே கயிறு, ஒரே வெண்கலம், ஒரே நாள்.

துட்டி கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எதிர்வீட்டுப் பூக்கடை கோமதிநாயகம்தான் முதலில் வந்தவர். அப்பாவின் சேக்காளி. சங்கரநாராயணர் சன்னதிக்கு மாலை கட்டிக் கொடுக்கிறவர். அன்றைக்குக் கடையில் இருந்த ரோஜா முழுவதையும் வாரிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் நிமிர்ந்து பார்த்தவர், "தம்பி, ஸ்டார அணைச்சிருங்க, பாக்கச் சங்கடமா இருக்கு" என்றார். ஆனந்தகுமார் போய்த் தன் ஸ்டாரின் சுவிட்சை அணைத்தான். ஜோஷ்வாவின் ஸ்டார் எரிந்துகொண்டே இருந்தது. ஜோஷ்வா உள்ளே அழுதுகொண்டிருந்தான். ஆனந்தகுமார் அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். அந்த சுவிட்சும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடவில்லை.

"அவன்ட்ட சொல்லு" என்றான் பெனிட்டாவிடம்.

அவள் யாரிடமும் சொல்லாமல் தானே போய் அணைத்தாள்.

சபைப் போதகரை அங்கே ஐயர் என்றுதான் சொல்வார்கள். காலையில் குழந்தை பிறந்த பிரசங்கம் செய்த தொண்டை அவருக்குக் கட்டிப்போயிருந்தது. மறுநாள் மதியம் அடக்கம் என்று முடிவாயிற்று. பெட்டியின் கண்ணாடி வழியாக அப்பாவின் முகம் தெரிந்தது. வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: தூங்குவதுபோல இருக்கிறது. பெனிட்டா நிறையச் சாவுகளைப் பார்த்தவள். தூங்குகிறவர் முகம் இப்படி இருக்காது என்று அவளுக்குத் தெரியும். இது எதையோ முடித்துவிட்டு எழுந்தவரின் முகம். பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வருவதற்குப் பதிலாகப் பணிவு வந்தது.

மறுநாள் காலையில் மதினிமாருக்கு ஒரு பிரச்சினை வந்தது. துட்டி வீட்டில் அடுப்பு எரியாது, அது தெரிந்ததுதான். ஆனால் சாவுக்கு முன்னால் ஆக்கிய சோற்றையும் வைத்திருக்கக் கூடாது என்று யாரோ ஒரு அத்தை சொல்லிவிட்டாள். இரண்டு வீட்டிலும் அரை தேக்சா பிரியாணி இருந்தது. பெரிய மதினி தன்னுடையதைக் கொல்லைப்பக்கம் வேப்பமரத்தடியில் கொட்டினாள். சின்ன மதினி கொஞ்சம் தள்ளிக் கொட்டினாள். இரண்டு பேரும் வெற்றுத் தேக்சாவோடு அங்கேயே நின்றார்கள். தெருநாய் ஒன்று வந்தது. முதல் குவியலில் வாய் வைத்தது. பிறகு இரண்டாவதில் வைத்தது. மறுபடி முதலாவதற்கு வந்தது. பார்த்துக்கொண்டிருந்த சின்ன மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பெனிட்டாவுக்குத் தெரியவில்லை. பெரிய மதினி பக்கத்தில் போய் அவள் முதுகில் கை வைத்தாள்.

பெண்களுக்கு அது போதுமாக இருந்தது. ஆண்களுக்குப் போதவில்லை.

ஆனந்தகுமார் பெனிட்டாவைக் குழாயடியில் பிடித்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"ஏட்டி, நீ படிச்சவ. நெசத்தச் சொல்லு. பிரியாணியினாலயா?"

"அப்படிச் சொல்ல முடியாதுண்ணே."

"இல்லன்னு சொல்ல முடியுமா?"

அவள் குழாயைத் திறந்து குடத்தை அடியில் வைத்தாள்.

"நீதான பரிமாறுன. எங்க வீட்டுல ரொம்பச் சாப்பிட்டாவளா?" என்றான். பிறகு அவனே, "அங்கன போய் மறுபடியும் சாப்பிட்டிருக்க வேண்டாம்லா. அதுதான் அப்படி ஆயிருக்கும்" என்றான். சொன்ன வேகத்திலேயே தலையைக் குனிந்துகொண்டான்.

சவப்பெட்டி எடுத்துவரப் போனபோது ஜோஷ்வா வேனில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். மேலநீலிதநல்லூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும், "அவன் வீட்டுல நெய் ஜாஸ்தி. சுவருக்கு இந்தப்பக்கம் மணந்துது" என்றான். வேன் ஒரு லெவல் கிராசிங்கில் நின்றது. ரயில் போய்க் கேட் திறந்தது. திறந்த பிறகும் வண்டியை எடுக்காமல், "எங்க வீட்டுலயும் நெய்தான் பெனிட்டா" என்றான். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

வாயைத் திறந்தால் போதும். அக்டோபர், எக்கோ, பஸ் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். அண்ணன்மார் இருவரும் விடுபட்டுப்போவார்கள். ஆனால் அதன்பிறகு அவர்கள் தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தெரிந்தே இலையில் அள்ளி அள்ளி வைத்தவள் அவள்தானே. சொல்லாவிட்டால் இருவரும் ஆயுசு முழுக்க அடுத்தவன்மேல் பழியைப் போட்டுக்கொண்டும், அதை நம்பாமலும் வாழ்வார்கள். அந்தச் சுவர் இன்னும் ஒரு ஆள் உயரம் ஏறும். அப்பா இரண்டு இலையில் உட்கார்ந்து இத்தனை வருஷம் தாங்கிப்பிடித்தது அவரோடேயே மண்ணுக்குள் போய்விடும்.

அடக்கத்துக்கு அவ்வளவு கூட்டம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குடம் வாங்கினவர்கள், சீர்ப்பாத்திரம் எடுத்தவர்கள், ஈயம் பூசக் கொடுத்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் கீர்த்தனை பாடும்போது சத்தம் மரங்களுக்கு மேலே எழும்பியது. பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். ஐயர் ஜெபித்தார். அண்ணன்மார் இருவரும் குழிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் நின்று மண்ணள்ளிப் போட்டார்கள். நடுவில் அப்பா இருந்தார். பெனிட்டா இடதும் வலதும் பார்த்தாள். நேற்று அவர் கண் போன வழியிலேயே தன் கண்ணும் போகிறது என்று உணர்ந்தாள்.

திரும்பி வந்தபோது முன்னறை கழுவிவிட்டிருந்தது. கட்டிலைத் தூக்கிக் கொல்லையில் சாய்த்திருந்தார்கள். கோமதிநாயகம் வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. அவர் மனைவி சீனியம்மாள் வெள்ளைச் சோறும் பருப்பும் ரசமும் அப்பளமும் ஆக்கி அனுப்பியிருந்தாள். கோமதிநாயகமே தூக்குவாளியைச் சுமந்துகொண்டு வந்து இலை போட்டார். ஆனந்தகுமார் இடது சுவரோரம் உட்கார்ந்தான். ஜோஷ்வா வலது சுவரோரம் உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவில் கட்டில் கிடந்த இடம் காலியாக இருந்தது. பெனிட்டா வழக்கம்போலக் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

யாருக்கும் சோறு இறங்கவில்லை. எதையாவது பேசுவோம் என்று கோமதிநாயகம் பேச்செடுத்தார்.

"கொடுத்து வச்ச மனுசன் தம்பி. ரெண்டு மக்க வீட்டுலயும் வயிறாரச் சாப்பிட்டுட்டுல்லா போயிருக்காவ. யாருக்குக் கெடைக்கும்?"

ஜோஷ்வாவின் கை இலையில் நின்றது.

"எங்க வீட்டுலதான் நெறைய சாப்பிட்டாவ" என்றான்.

ஆனந்தகுமார் நிமிர்ந்தான். "இல்ல. எங்க வீட்டுலதான்."

"இப்பமுமா தம்பி?" என்று கோமதிநாயகம் பதறிப்போனார். மண் போட்டுக் கை காயவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்களே என்று மதினிமார் இருவரும் வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

"மூணு மட்டம் கறி அள்ளி வச்சேன் அண்ணாச்சி" என்றான் ஜோஷ்வா. அவன் கோமதிநாயகத்தைப் பார்க்கவில்லை. "போதும் போதும்னாவ. நான்தான் கேக்காம வச்சேன்."

"அவன் சொல்லுதத கேக்காதிய. நெஞ்செலும்பு பூராவையும் பொறுக்கி வச்சது நானு. கொழுப்போட வச்சேன். அவன் வீட்டுக்குப் போறதுக்குள்ள அவியளுக்கு மூச்சு முட்டிட்டு. நான் பாத்தேன். பாத்துட்டுப் பேசாம இருந்தேன்."

"எங்க வீட்டுக்கு வரும்போது நல்லாத்தான் இருந்தாவ."

"நல்லா இல்ல."

"நீ ஒண்ணும் பண்ணல அண்ணே" என்றான் ஜோஷ்வா. "எங்கிட்ட வந்த பெறகுதான்."

அண்ணே என்ற அந்தச் சொல்லை ஜோஷ்வா வாயிலிருந்து கேட்டு எத்தனை காலமாயிற்று என்று பெனிட்டாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. வருஷா வருஷம் கேட்ட அதே பேச்சு, அதே வீம்பு, அதே தோற்கமாட்டேன் என்கிற முகம். ஆனால் அடுத்தவன் தலையிலிருந்து பாரத்தைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இரண்டு பேர் காலிலும் விழ வேண்டும்போல இருந்தது.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள். "எனக்குத் தெரியும்."

அவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் ஒருநாளும் இந்தப் பேச்சில் குறுக்கே வந்ததில்லை.

"அக்டோபர்லயே தெரியும். எக்கோ எடுத்தோம். ஹார்ட் பாதிகூட வேல செய்யல. நெய்யக் கண்ணுல காட்டாதன்னு டாக்டர் சொன்னாரு. நான் ஒங்ககிட்ட சொல்லல. தெரிஞ்சுக்கிட்டுத்தான் ரெண்டு எலயிலயும் பரிமாறுனேன். நீங்க சும்மா வச்சிய. நான் தெரிஞ்சு வச்சேன்."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஆனந்தகுமாரின் தாடை இறுகியது. திட்டப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். எழுந்து அடிக்க வந்தாலும் நின்று வாங்கிக்கொள்வதென்று இருந்தாள்.

"ஏன்ட்டி சொல்லல?" என்று கேட்டான். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

"அப்பாதான் வேண்டாம்னாவ. 'இப்பம் சொன்னேன்னா ரெண்டு பயலுவளும் போட்டி போட்டுக் கஞ்சி காச்சுவானுவ. பிரியாணின்னா ரெண்டு வீட்டுல திங்கலாம். கஞ்சிய எப்படிட்டி ரெண்டு வீட்டுல குடிக்க?'ன்னாவ."

பிறகு ஜோஷ்வாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. ஆனந்தகுமார் அவனை முறைத்தான். முறைத்த முகத்திலேயே உதடு கோணியது. "காச்சியிருப்போம்லா" என்றான். "கட்டாயம் காச்சியிருப்போம்." அதற்குமேல் அவனாலும் முடியவில்லை. இரண்டு பேரும் சோற்றுக் கையோடு குனிந்து குலுங்கினார்கள். எந்த இடத்தில் சிரிப்பு முடிந்து அழுகை தொடங்கியது என்று பார்த்துக்கொண்டிருந்த யாராலும் சொல்ல முடியாது. கோமதிநாயகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஓய்ந்து அடங்கியபோது வெயில் வாசலைத் தாண்டிப் போயிருந்தது.

ஆனந்தகுமார் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். நேற்று மதியத்திலிருந்து முதல் முறையாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான்.

"நீ எப்பம் சாப்பிட்ட?"

அவள் யோசித்தாள். நேற்று இரண்டு வீட்டுப் பரிமாற்றமும் முடிந்தபிறகு உட்காரலாம் என்று இருந்தாள். அப்புறம் அப்பாவுக்குக் காப்பி போடப் போனாள்.

"சாப்பிடல" என்றாள்.

ஜோஷ்வா எழுந்து வந்து அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கினான். "இங்கன உக்காரு" என்று நடுவில் கழுவிவிட்டிருந்த வெறுந்தரையைக் காட்டினான். ஆனந்தகுமார் இலை ஒன்றை எடுத்துத் தண்ணீர் தெளித்துப் போட்டான். ஒருவன் சோறு வைத்தான். கொஞ்சம் என்பதற்குள் இன்னொரு கரண்டி வைத்தான். மற்றவன் ரசத்தை ஊற்றினான். அவசரத்தில் கூடுதலாக ஊற்றிவிட்டான்.

ரசம் சோற்றைச் சுற்றிக்கொண்டு இலையின் ஓரத்துக்கு ஓடியது. ஆனந்தகுமார் குனிந்து இந்தப் பக்க ஓரத்தை விரலால் தூக்கிப் பிடித்தான். அது அந்தப் பக்கம் ஓடியது. ஜோஷ்வா அந்த ஓரத்தைத் தூக்கிப் பிடித்தான்.

ரசம் நடுவில் நின்றது. இருவரும் பிடித்த கையை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெனிட்டா குனிந்து சாப்பிடத் தொடங்கினாள்.